கணக்கில் ஏறாத தேய்மானம்

கடை வண்டியின் பிரேக் டிஸ்க்கை அளந்து பார்ப்பது எப்படி?

ஆண்டுதோறும் மார்ச் முடிந்ததும் நம் கணக்கர், கடை வண்டியின் பெயரில் ஒரு தொகையைத் தேய்மானம் என்று கழித்து எழுதுகிறார். அது ஏட்டில் நடக்கும் தேய்மானம். வண்டிக்கு அடியில் நடக்கும் தேய்மானம் வேறு. டயர் வழுக்கையானால் தெருவில் போகிறவரே சொல்லிவிடுவார். பேட்டரி தளர்ந்தால் காலையில் வண்டி கிளம்ப மறுக்கும். ஆனால் சக்கரத்துக்குள் இருந்துகொண்டு, யாருக்கும் சொல்லாமல் மெலிந்துகொண்டே போகும் பொருள் ஒன்று உண்டு. அதுதான் பிரேக் டிஸ்க்.

ஒரு காலத்தில் மண்டியிலிருந்து கடைக்குச் சரக்கு மாட்டு வண்டியிலும் தள்ளுவண்டியிலும் வந்தது. இன்று நடுத்தர மளிகைக் கடை வைத்திருப்பவரிடம்கூட ஒரு சிறு சரக்கு வண்டி நிற்கிறது. 2005-இல் வந்து ‘குட்டி யானை’ என்று பெயர் வாங்கிய டாடா ஏஸ், மாருதி ஆம்னி, ஈகோ, தோஸ்த், பொலிரோ பிக்கப் என்று அவரவர் வசதிக்கு ஒன்று. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக், பின் சக்கரங்களில் டிரம் பிரேக். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால், நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் சக்கரங்களின் தலையில்தான் விழுகிறது.

நம்மில் பலர் வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு, மாலையில் பில்லைப் பார்த்துப் பணம் கொடுத்து எடுத்து வருகிறோம். ‘டிஸ்க் போயிடுச்சு, மாத்தணும்’ என்று மெக்கானிக் சொன்னால் நமக்கு இரண்டு சந்தேகங்கள். உண்மையிலேயே போய்விட்டதா, இல்லை பில்லை ஏற்றுகிறாரா? ‘இன்னும் ஆறு மாசம் ஓடும்’ என்று சொன்னாலோ, சந்தேகமே இல்லாமல் மகிழ்ந்து வந்துவிடுகிறோம். இரண்டாவதுதான் அதிக ஆபத்தானது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே: அளவு. சரக்கை அளக்காமல் வாங்காத நாம், இதையும் அளக்காமல் முடிவு செய்யக் கூடாது.

டிஸ்க் எப்படித் தேய்கிறது?

டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டு. பிரேக்கை மிதித்தால் அதன் இரு முகங்களையும் இரண்டு பேடுகள் இடுக்கிபோல் பிடிக்கின்றன. வண்டியின் ஓட்டம் முழுவதும் அங்கே வெப்பமாக மாறுகிறது. அந்த வெப்பத்தை முதலில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு காற்றில் விடுவது டிஸ்க்கின் வேலை. பேடு சீக்கிரம் தேயும். டிஸ்க் மெதுவாகத் தேயும். பேடு பலமுறை மாறுவதை நாம் பார்க்கிறோம். டிஸ்க் மட்டும் வண்டி வாங்கிய நாளிலிருந்து அப்படியே இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

மெலிந்த டிஸ்க்கில் இரும்பு குறைவு. இரும்பு குறைந்தால் அதே பாரத்துக்கு அதிகமாகச் சூடேறும். சூடு மிஞ்சினால் பேடின் பிடிப்பு குறையும். இன்னும் மிஞ்சினால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். ஆயிலை அழுத்தினால் விசை சக்கரம் வரை போகும். குமிழியை அழுத்தினால் அது சுருங்கும், அவ்வளவுதான். பெடல் தரை வரை இறங்கும், வண்டி நிற்காது. டிஸ்க்கும் பேடும் இரண்டுமே மிகவும் தேய்ந்திருந்தால், காலிப்பரின் பிஸ்டன் அளவுக்கு மீறி வெளியே வந்து ஆயில் கசியவும் இடம் உண்டு.

மலைப்பாதையில் சரக்கு ஏற்றும் வணிகர்களுக்கு ஒரு கணக்கு. குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது உயரம் சுமார் 1,500 மீட்டர் குறைகிறது. காய்கறி மூட்டைகளோடு மொத்தம் ஒன்றரை டன் எடையுள்ள வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, 30 டிகிரியில் உள்ள 75 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. இதில் ஒரு பகுதியைக் காற்றும் எஞ்சினும் வாங்கிக்கொள்ளும். கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குகிறவர், மிச்சம் முழுவதையும் நான்கு சக்கரங்களின் தலையில் வைக்கிறார். மலைச் சாலைகளில் குறைந்த கியரில் செல்லுங்கள் என்று பலகை வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

தட்டிலேயே எழுதியிருக்கும் முத்திரை

நம் கடையின் எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும் முத்திரை போட வேண்டும் என்பதை நாம் அறிவோம். பார்வைக்கு முழுசாக இருக்கும் கல்லும் தேய்ந்திருக்கலாம் என்பதுதான் அதன் காரணம். டிஸ்க்குக்கும் அப்படி ஒரு முத்திரை உண்டு. அதைத் தொழிற்சாலையிலேயே போட்டுவிடுகிறார்கள்.

பெரும்பாலான டிஸ்க்குகளின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ ‘மினிமம் திக்னஸ்’ என்ற பொருளில் ஆங்கிலச் சுருக்கெழுத்தும், அதன் அருகே மில்லிமீட்டரில் ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே மெலிந்த டிஸ்க் வண்டியில் இருக்கக் கூடாது என்பதே அந்த எண்ணின் பொருள். துருவும் அழுக்கும் மூடியிருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்கலாம். அப்போதும் தெரியவில்லை என்றால் அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் அல்லது கம்பெனி டீலரின் உதிரிபாகப் பிரிவில் கேட்டு வாங்கலாம். ஒரு வண்டியின் எண் இன்னொரு வண்டிக்குப் பொருந்தாது.

சிறு வண்டிகளில் புது டிஸ்க்கின் கனத்துக்கும் இந்தக் கடைசி எண்ணுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் 2 மி.மீ. அளவில்தான் இருக்கும். அதாவது முகத்துக்கு 1 மி.மீ. நம் பையில் இருக்கும் ஏ.டி.எம். அட்டையின் கனம் 0.76 மி.மீ. அதைவிடச் சற்றே அதிகமாக ஒவ்வொரு முகமும் தேய்ந்தால் டிஸ்க்கின் ஆயுள் முடிந்தது. இவ்வளவு சிறிய வித்தியாசத்தை எந்த அனுபவசாலியின் கண்ணும் சரியாகச் சொல்லிவிட முடியாது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம். இதற்குக் கருவி வேண்டும்.

அளக்கும் முறை

அளப்பது பட்டறையில், சக்கரத்தைக் கழற்றிய பிறகு. நாம் செய்ய வேண்டியது பக்கத்தில் நின்று பார்ப்பது.

முதலாவது, கருவி மைக்ரோமீட்டராக இருக்க வேண்டும். டிஸ்க்கின் ஓரத்தில் பேடு படாத பகுதி தேயாமல் ஒரு வரப்பு போல நின்றுவிடும். சாதாரண வெர்னியரின் தட்டையான தாடை அந்த வரப்பின் மேல் உட்கார்ந்துகொண்டு, தேயாத கனத்தைக் காட்டும். மூட்டையின் வாயில் நல்ல சரக்கை வைத்து மாதிரி காட்டுவது போன்றதே இது. மைக்ரோமீட்டரின் முனைகள் வரப்பைத் தாண்டி உள்ளே போய் உண்மையான இடத்தைத் தொடும்.

இரண்டாவது, ஓரத்திலிருந்து சுமார் 10 மி.மீ. உள்ளே, தட்டைச் சுற்றி ஆறு முதல் எட்டு இடங்களில் அளக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் அளந்தால் போதாது. கிடைத்த எண்களில் மிகச் சிறியதுதான் நமக்குக் கணக்கு, சராசரி அல்ல.

மூன்றாவது, மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். இது ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டொரு பங்குக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் பிரேக் பிடிக்கும்போது பெடலும் ஸ்டியரிங்கும் துடிக்கும். ‘டிஸ்க் வளைஞ்சு போச்சு’ என்று பட்டறையில் சொல்வதில் பெரும்பகுதி, வளைவு அல்ல. இப்படிக் கனம் ஒரே சீராக இல்லாததுதான். சில சமயம் டிஸ்க் உட்காரும் இடத்தில் துருவோ மண்ணோ சிக்கியிருந்தாலும் தட்டு ஆடும், நாளடைவில் கனம் மாறுபடும். ஆகவே புது டிஸ்க் மாட்டும்போது அந்த இடத்தைச் சுத்தம் செய்தார்களா என்று பார்ப்பது அவசியம்.

நான்காவது, இடது, வலது இரண்டையும் தனித்தனியே அளந்து எழுத வேண்டும். ஒன்று மட்டும் அதிகமாகத் தேய்ந்திருந்தால் அது வயதின் தேய்மானம் அல்ல, நோயின் அறிகுறி.

கண்ணால் பார்க்கக் கூடியவை

கருவி இல்லாத நாளிலும் சிலவற்றை நாமே கவனிக்கலாம். வண்டி ஓடி நின்றவுடன் டிஸ்க்கைத் தொடக் கூடாது, கை வெந்துவிடும். ஆறிய பிறகே பார்க்க வேண்டும்.

வரப்பு: ஓரத்து வரப்பின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வரப்பின் உயரம் ஏறக்குறைய ஏ.டி.எம். அட்டையின் கனத்தை எட்டியிருந்தால், உடனே அளக்கக் கொடுக்க வேண்டும். இது அளக்கச் சொல்லும் அறிகுறிதான். மாற்றச் சொல்லும் தீர்ப்பு அல்ல. ஓரத்தில் துரு ஏறியும் வரப்பு உயரமாகத் தெரியலாம்.

கோடுகள்: மெல்லிய வட்டக் கோடுகள் இயல்பானவை. நகம் சிக்கி நிற்கும் அளவு ஆழமான பள்ளம் இருந்தால் பேடு தீர்ந்து அதன் இரும்புத் தகடு உரசுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நீலம் பாய்தல்: அளவுக்கு மீறிச் சூடான இடம் நீல நிறமாகத் தெரியும். பாரம், மலை இறக்கம், பிடித்துக்கொண்டு விடாத காலிப்பர் ஆகிய மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும்.

விரிசல்: மேற்பரப்பில் தலைமுடி போன்ற சின்ன வெப்பக் கோடுகள் இருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஓரம் வரை எட்டிய விரிசல் என்றால் கனத்தை அளக்கவே தேவையில்லை. அந்த டிஸ்க்கோடு வண்டி பட்டறையை விட்டு வெளியே வரக் கூடாது.

துரு: மழையில் நின்ற வண்டியின் டிஸ்க் மறுநாள் காலை செந்நிறமாக இருக்கும். நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும், பயப்பட வேண்டாம். ஆனால் தூத்துக்குடிப் பக்கம் உப்பு ஏற்றும் வண்டிகளும், கருவாடு ஏற்றும் வண்டிகளும், நாள்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டிகளும் வேறு வகை. அங்கே துரு தட்டை அரித்து உள்ளே இறங்கும். ஓரமும் காற்றுப் பொந்துகளும் உதிரத் தொடங்கினால் மாற்ற வேண்டியதுதான்.

இன்னொன்று: நாம் வெளியிலிருந்து பார்ப்பது டிஸ்க்கின் வெளி முகம் மட்டுமே. காலிப்பர் நகர வேண்டிய ஊசிகள் இறுகிப்போனால் உள் பக்கத்துப் பேடு தனியாகத் தேயும், உள் முகமும் கெடும். வெளியே பளபளப்பு, உள்ளே பள்ளம். எனவே சக்கரத்தின் ஓட்டை வழியாகப் பார்த்து ‘நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்வதை ஏற்கக் கூடாது.

பேடின் மிச்சக் கனத்தையும் அப்போதே பாருங்கள். பின்னால் உள்ள இரும்புத் தகட்டை விட்டுவிட்டு, உராயும் பொருள் மட்டும் நான்கு ஏ.டி.எம். அட்டைகளை அடுக்கிய கனத்துக்கு, அதாவது 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றுவது நல்லது. பேடு தேயத் தேய பிரேக் ஆயில் மட்டம் தானாக இறங்கும். காரணம் பார்க்காமல் ஆயிலை மட்டும் ஊற்றி நிரப்புவது, கல்லாவில் பணம் குறைவதைக் கண்டு சொந்தப் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டுவது போன்றது.

பட்டறையில் கேட்க வேண்டியவை

‘தட்டில் பொறித்த எண் என்ன? இப்போது அளந்த எண் என்ன? எந்தச் சக்கரம்? எனக்குக் காட்ட முடியுமா?’ இந்த நான்கையும் மரியாதையாகக் கேளுங்கள். நேர்மையான மெக்கானிக் மகிழ்ச்சியோடு காட்டுவார். அளக்காமலே ‘எத்தனை வருஷமா பார்க்கிறேன்’ என்பவரிடம் அனுபவம் இருக்கலாம். மைக்ரோமீட்டர் இருக்கும் பட்டறையைத் தேடுவது நம் உரிமை.

லேத்தில் கொடுத்துத் தேய்த்தால் போதும் என்று சொல்வது உண்டு. பள்ளத்தையும் துடிப்பையும் நீக்க இது சில நேரம் சரியான வழிதான். ஆனால் லேத் இரும்பைக் கூட்டுவதில்லை, குறைக்கிறது. தேய்த்து முடித்த பிறகு உள்ள கனம் பொறித்த எண்ணுக்கு மேலே, இனி வரும் தேய்மானத்துக்கும் இடம் விட்டு நிற்க வேண்டும். தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் அளவு கேளுங்கள். கடைசி எண்ணை ஒட்டி நிற்கும் டிஸ்க்கைத் தேய்த்துப் பளபளப்பாக்குவது, காலாவதியான பாக்கெட்டுக்குப் புது லேபிள் ஒட்டுவதற்குச் சமம்.

டிஸ்க் மாற்றினால் ஒரே அச்சின் இரு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும், பேடும் அப்படியே. ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மிளகில் பப்பாளி விதை கலப்பதை அறிந்த நமக்கு, உதிரிபாகத்திலும் போலி உண்டு என்று சொல்லத் தேவையில்லை. பில்லோடு வாங்குங்கள். பேடின் தூசியைக் காற்றடித்து ஊத விடாதீர்கள். அது பட்டறைப் பையனின் நெஞ்சுக்குள் போகும். ஈரத்துணியால் துடைப்பதே சரி.

பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மை உள்ளது. ‘டாட் 3’ வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய நிலையில் இந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டிஸ்க் நன்றாக இருந்தும் பழைய ஆயிலால் பெடல் கைவிடலாம். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது பொது வழக்கம்.

பின் சக்கர டிரம்மை மறந்துவிடக் கூடாது. அங்கே கணக்கு தலைகீழ். டிஸ்க் தேய்ந்தால் கனம் குறையும். டிரம் தேய்ந்தால் உள்விட்டம் கூடும். எனவே டிரம்மில் பொறித்திருப்பது அதிகபட்ச விட்டம்.

ஒரு நோட்டு, நாலு வரி

வண்டியில் ஒரு சிறு நோட்டு இருக்கட்டும். தேதி, ஓடிய கி.மீ., இடது டிஸ்க், வலது டிஸ்க், பேடு ஆகியவற்றை ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். உதாரணத்துக்கு, ஒரு வண்டியின் புது டிஸ்க் 12 மி.மீ., பொறித்த எண் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 30,000 கி.மீ.யில் 11.4, 50,000 கி.மீ.யில் 11.0. 20,000 கி.மீ.க்கு 0.4 மி.மீ. தேய்ந்திருக்கிறது. மிச்சம் 1 மி.மீ. இதே பாரம், இதே சாலை என்றால் இன்னும் 50,000 கி.மீ. வரும். அதே 50,000-இல் இடது 11.0, வலது 10.5 என்று வந்தால் டிஸ்க் வாங்க ஓடக் கூடாது. வலது காலிப்பர் ஏன் விடாமல் பிடிக்கிறது என்று பார்க்கச் சொல்ல வேண்டும். காரணத்தை விட்டுவிட்டுத் தட்டை மட்டும் மாற்றினால் புதிதும் அதே வழியில் போகும்.

தேய்மானத்தை வேகப்படுத்துவது பாரமும் வேகமும். பாரம் இரட்டித்தால் டிஸ்க் வாங்க வேண்டிய வெப்பமும் இரட்டிக்கும். வேகம் 40-இலிருந்து 60 கி.மீ. ஆனாலோ வெப்பம் இரண்டே கால் மடங்கு. ‘ரெண்டு மூட்டை சேர்த்துப் போடு’ என்று நாம் கடை வாசலில் சொல்லும் ஒரு வார்த்தையின் விலை இது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, அதிக பாரத்துக்கு ரூ.20,000 அபராதமும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000-மும் விதிக்க இடம் தருகிறது.

எப்.சி. எனப்படும் தகுதிச் சான்றை நம்பி இருந்துவிடவும் முடியாது. எட்டு ஆண்டு வரையிலான சரக்கு வண்டிக்கு இது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. நாள்தோறும் ஓடும் வண்டியில் இரண்டு ஆண்டுக்குள் ஒரு ஜோடி பேடு தீர்ந்து, டிஸ்க்கும் பாதி போயிருக்கும். அன்றைக்குச் சான்று கிடைத்தது என்பது இன்றைக்குப் பிரேக் பிடிக்கும் என்பதற்கு உறுதி அல்ல.

நம் வண்டியை ஓட்டுகிறவர் பெரும்பாலும் நம்மிடம் சம்பளம் வாங்கும் ஓட்டுநர். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மூட்டை இறக்கும் தம்பி. பெடல் துடிக்கிறது, ஒரு பக்கம் இழுக்கிறது, சத்தம் வருகிறது என்று அவர்கள் சொன்னால் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று சொல்லிவிடுவது எளிது. பண்டிகைக் காலத்தில் ஒரு நாள் ஓட்டத்தை நிறுத்த யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்த ‘அப்புறம்’ யாருடைய தலையில் விழும் என்பதை முதலாளிதான் யோசிக்க வேண்டும். ஓட்டுநருக்கு அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் இல்லை. தெருவில் குறுக்கே வரும் குழந்தைக்கு நம் வண்டியின் டிஸ்க் எத்தனை மி.மீ. என்பது தெரியாது.

ஆண்டுக்கு இரண்டு நாள் போதும். மார்ச் முடிவில் சரக்கு இருப்பு எடுக்கும் வாரத்தில் ஒரு முறை, ஆயுத பூஜைக்கு முந்திய வாரத்தில் ஒரு முறை. மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கும் உப்பு ஏற்றும் வண்டிக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. பூஜையன்று வண்டியைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கும் நாம், அதற்கு முன் அந்தச் சக்கரத்தைக் கழற்றி உள்ளே இருக்கும் தட்டை அளந்து, நோட்டில் எழுதிவிடுவோம்.